பழைய ஜப்பான் பேஸா, புது இந்தோனேசியா பேஸா?

கடலூர் முதுநகரிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். சர்ச் கொயரில் ஆறு கம்பி கிட்டார் வாசிக்கிறார். பேஸ் (தாழ்ந்த சுரங்களுக்கான நான்கு கம்பி கிட்டார்) வாசித்துக்கொண்டிருந்தவர் வெளிநாடு போய்விட்டதால் இவரை அதற்கு மாறச் சொல்கிறார்கள். கையில் 35,000 ரூபாய். தெரிந்தவர் ஒருவர் ஃபெண்டர் என்ற அமெரிக்கக் கம்பெனிக்காக ஜப்பானில் செய்த பழைய பேஸ் ஒன்றை 32,000க்குத் தருவதாகச் சொல்கிறார். இல்லையென்றால் கடையில் இருக்கும் புது யமஹா அல்லது ஐபனேஸ், இந்தோனேசியாவில் செய்தது. எதை வாங்குவது, ஒரே மாதிரி தெரிகிற கிட்டார் ஒன்று இருபதாயிரமாகவும் இன்னொன்று ரெண்டு லட்சமாகவும் இருப்பது ஏன், உப்புக் காற்றை எது தாங்கும், பண்ருட்டிப் பலாவில் ஒன்று செய்து வாங்கினால் என்ன என்று கேள்வி நீள்கிறது.

முதலில் பதில். புதியதை வாங்குங்கள் தம்பி, இருபதாயிரத்துக்கு முன்பின் முடித்துக்கொள்ளுங்கள். மிச்சத்தை ஆம்புக்கும் (ஆம்ப்ளிஃபையர்), கம்பி உயரம், நெக் எல்லாம் சரிசெய்யும் ஒரு நல்ல செட்டப்புக்கும், ஒரு செட் கம்பிக்கும் வையுங்கள். ஜப்பான் பேஸை வேண்டாம் என்று சொல்லவில்லை. அதைக் கழற்றிப் பார்க்க விடுவாரா என்று மட்டும் அவரிடம் கேளுங்கள். விடமாட்டேன் என்றால் அத்தோடு விட்டுவிடலாம்.

இனி காரணங்கள். விலையைப் புரிந்துகொள்ள இந்த வாத்தியத்தின் கதை கொஞ்சம் தெரிய வேண்டும். பெரிய வயலின்போல் இருக்கும் ஆளுயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராகப் போன அமெரிக்க வாத்தியக்காரர்களுக்கு இரண்டு தொல்லைகள் இருந்தன: வண்டியில் ஏற்ற முடியாது, டிரம்ஸும் பித்தளை வாத்தியங்களும் சேர்ந்தால் சத்தம் கேட்காது. சியாட்டிலில் பால் டட்மார்க் என்பவர் 1930களிலேயே ஃபிரெட் (வீணையின் மெட்டுபோன்ற உலோகப் பட்டை) வைத்த எலெக்ட்ரிக் பேஸ் ஒன்றைச் செய்து விற்றார், அது பரவவில்லை. 1951இல் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் லியோ ஃபெண்டர் பிரிசிஷன் பேஸைக் கொண்டுவந்தார். ஃபிரெட் இருப்பதால் சுருதி துல்லியமாக விழும், அதனால் அந்தப் பெயர். கம்பியின் அதிரும் நீளம் 34 அங்குலம். 1957இல் அதன் பிக்கப்பை (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் காந்தச் சுருள்) இரண்டாகப் பிளந்து இரைச்சல் வராமல் செய்தார். 1960இல் ஜாஸ் பேஸ் வந்தது: நட் (தலைக்கருகே கம்பிகள் படியும் பள்ளக் கட்டை) பக்கம் ஒன்றரை அங்குலம்தான் அகலம், இரண்டு பிக்கப். இன்று கடையில் நீங்கள் எடுத்துப் பார்க்கும் பேஸ்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றின் பிள்ளைகள். பிறகு வந்தவற்றில் பெரிய மாற்றம் என்றால் பேஸுக்குள்ளேயே ஒலியைக் கூட்டிக் குறைக்கும், பேட்டரியில் ஓடும் பிரீஆம்ப். 1976இல் மியூசிக் மேன் ஸ்டிங்ரே அதைப் பெரிய அளவில் பரப்பியது. அதற்குப் பின்னாலும் லியோ ஃபெண்டர்தான் இருந்தார்.

ஆக, 1960க்குள் ஏறக்குறைய முடிந்துபோன ஒரு வடிவத்துக்குத்தான் நாம் எல்லோரும் பணம் கொடுக்கிறோம். அந்த வடிவம் யாருடைய சொத்தும் அல்ல. பிரிசிஷன் பேஸின் உடல் வடிவத்தைத் தன் வணிகச் சின்னமாகப் பதிய ஃபெண்டர் கேட்டது. பல காலமாக எல்லோரும் அதே வடிவத்தில் செய்துவருவதால் பதிய முடியாது என்று 2009இல் அமெரிக்க வணிகச் சின்ன வாரியம் சொல்லிவிட்டது. தலைப் பக்கத்தின் வடிவம் மட்டும் கம்பெனிகளுக்குச் சொந்தம். அதனால்தான் உடலைப் பார்த்தால் எல்லாம் ஒன்றுபோல் இருக்கும், தலையைப் பார்த்தால்தான் கம்பெனி தெரியும்.

அப்படியானால் ரெண்டு லட்சம் எதற்கு? பெரும்பங்கு கூலிக்கு, அடுத்தது பெயருக்கு. 1965இல் லியோ ஃபெண்டர் கம்பெனியை சிபிஎஸ் என்ற அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனத்துக்கு ஒரு கோடியே முப்பது லட்சம் டாலருக்கு விற்றார். அதற்குப் பின் தரம் இறங்கியது என்பது பேஸ் வாசிக்கிறவர்களிடையே பழைய புலம்பல். முழுப் பொய்யும் இல்லை. எழுபதுகளில் ஜப்பான்காரர்கள் அதே கிட்டாரை நகலெடுத்து, அசலைவிட நன்றாகவே செய்ய ஆரம்பித்தார்கள். 1982இல் ஃபெண்டரே வேறு வழியில்லாமல் ஜப்பானில் கூட்டுக் கம்பெனி தொடங்கி, மட்சுமோட்டோவில் இருந்த ஃபியூஜிஜென் தொழிற்சாலையில் செய்ய வைத்தது. 1985இல் ஊழியர்களும் முதலீட்டாளர்களும் சேர்ந்து சிபிஎஸ்ஸிடமிருந்து கம்பெனியை வாங்கியபோது பெயர் கிடைத்தது, ஃபுல்லர்டன் தொழிற்சாலை கிடைக்கவில்லை. கொஞ்ச காலம் ஜப்பான் சரக்கை வைத்துத்தான் பிழைத்தார்கள். ‘ஜப்பான் ஃபெண்டர்’ என்றால் நம் ஊரிலும் கண் விரிவதற்குக் காரணம் இதுதான்.

ஜப்பானில் கூலி ஏறியதும் வேலை கொரியாவுக்குப் போனது, அங்கே ஏறியதும் இந்தோனேசியாவுக்கும் சீனாவுக்கும். இந்த நகர்வில் ஒரு கசப்பான அத்தியாயம் உண்டு. தென்கொரியாவின் கார்ட் கம்பெனி தன் பெயரிலும் செய்யும், பல பெரிய பிராண்டுகளுக்கும் செய்து கொடுக்கும். அது கொரியத் தொழிற்சாலைகளை மூடி உற்பத்தியை வெளிநாட்டுக்கு மாற்றியது. 2007இல் வேலை இழந்த தொழிலாளர்கள் சிலர் பன்னிரண்டு வருஷம் விடாமல் போராடி 2019இல்தான் உடன்பாட்டுக்கு வந்தார்கள். இருபதாயிரம் ரூபாய் பேஸ் எப்படி இவ்வளவு நன்றாக இருக்கிறது என்று வியக்கிறோம் அல்லவா, அதன் விலையை யார் கொடுத்தார்கள் என்பதில் ஒரு பகுதி இது. இன்று கார்டின் பெரிய தொழிற்சாலை இந்தோனேசியாவின் சுரபாயாவில் இருக்கிறது. அங்கேயும் உடலையும் நெக்கையும் (கழுத்துப் பகுதி) கம்ப்யூட்டர் இயந்திரம்தான் வெட்டுகிறது, கலிஃபோர்னியாவிலும் அதேதான். இயந்திரத்துக்கு எந்த நாடானாலும் கை நடுங்காது.

அப்புறம், மரம். விலை உயர்ந்த பேஸ்களில் ஃபிரெட் போர்டுக்கு (நெக்கின் மேல் ஃபிரெட் பதித்த பலகை) ‘இந்தியன் ரோஸ்வுட்’ என்று பெருமையாகப் போட்டிருப்பார்கள். அது நம் ஈட்டி மரம், தோதகத்தி என்றும் சொல்வோம். மேற்குத் தொடர்ச்சி மலையில் வளர்வது. பிரேசில் ரோஸ்வுட் 1992இல் சர்வதேசக் காட்டுயிர் வணிக ஒப்பந்தத்தின் கடுமையான பட்டியலுக்குப் போனபிறகு உலகக் கிட்டார் தொழில் நம் ஈட்டியைத்தான் நம்பியது. 2017இல் ஈட்டி வகைகள் எல்லாவற்றையும் கட்டுப்பாட்டுக்குள் கொண்டுவந்ததும் தொழில் தடுமாறியது. பாவ் ஃபெரோ, லாரல் என்று மாற்று மரங்கள் வந்தன. 2019 கடைசியில் செய்து முடித்த வாத்தியங்களுக்கு விலக்குக் கொடுத்தார்கள். ஆனால் விலை குறைந்த பேஸ்களில் மாற்று மரம் அப்படியே தங்கிவிட்டது. அதில் ஒரு குறையும் இல்லை. எலெக்ட்ரிக் பேஸில் ஃபிரெட் போர்டு மரத்தால் சத்தம் மாறுகிறது என்று சண்டை போடுகிறவர்கள் கண்ணைக் கட்டிக்கொண்டு கேட்டுப் பார்க்கலாம் என்பது என் கட்சி.

விலை குறைந்த பேஸில் உண்மையாகவே மிச்சம் பிடிப்பது வேறு இடங்களில். ஃபிரெட் நுனிகளைத் தேய்க்க ஆள் செலவழிக்கும் நேரம், நட்டில் பள்ளம் வெட்டும் நேரம், உள்ளே இருக்கும், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் சின்ன பாட்கள், மெல்லிய வயர், பிரிட்ஜ் (உடலில் கம்பிகளைத் தாங்கும் உலோகப் பாகம்) மேல் பூசிய மெல்லிய நிக்கல். முதல் இரண்டையும் ஒரு நல்ல கைக்காரர் ஒரு மதியத்தில் சரிசெய்துவிடுவார். பூச்சு மட்டும் நம் ஊரில் முக்கியம். அதற்கு வருகிறேன்.

பழையதோ புதியதோ, பேஸை வாங்குவது என்றால் நெக்கை வாங்குவது. இதை மட்டும் மனதில் வையுங்கள், மற்றதெல்லாம் மாற்றிக்கொள்ளலாம். நான்கு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ எழுபத்தைந்து, எண்பது கிலோ இழுவிசையை அந்த நெக்கின் மேல் எப்போதும் போட்டுக்கொண்டிருக்கின்றன. அதை எதிர்த்து நிற்பது உள்ளே ஓடும் இரும்புக் கம்பி, ட்ரஸ் ராடு. கடையில் செய்ய வேண்டியது இதுதான்: பேஸை மடியில் வைத்து, கம்பியின் முதல் ஃபிரெட்டையும் உடலோடு நெக் சேரும் இடத்து ஃபிரெட்டையும் ஒரே நேரத்தில் அழுத்துங்கள். நடுவில், ஏழெட்டாவது ஃபிரெட்டில், கம்பிக்கும் ஃபிரெட்டுக்கும் இடையே விசிட்டிங் கார்டு ஒன்று உரசி நுழையும் அளவு இடைவெளி இருக்க வேண்டும், சுமார் 0.3 மி.மீ. அதிகமாக இருந்தால் ட்ரஸ் ராடைத் திருகிக் குறைக்கலாம். ஆனால் திருகிப் பார்த்தே வாங்குங்கள். பழைய கிட்டாரில் ராடு கடைசிவரை இறுகிப்போய், இனித் திருக இடமே இல்லாமல் இருக்கும். ஒரு கால் சுற்று போகிறதா என்று பார்க்காமல் பணம் கொடுக்கக் கூடாது. பழைய ஃபெண்டர் மாதிரிகள் சிலவற்றில் அந்தத் திருகு நெக்கின் அடியில் இருக்கும், கழற்றினால்தான் தெரியும்.

பிறகு நெக்கின் அடிப்பக்கத்திலிருந்து தலையை நோக்கி, துப்பாக்கியால் குறி பார்ப்பவர்போல ஒரு கண்ணை மூடிப் பாருங்கள். நேராகவோ கொஞ்சம் குழிவாகவோ இருந்தால் சரி. ஒரு பக்கம் முறுக்கிக்கொண்டிருந்தால் பேஸை வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போய்விடுங்கள். முறுக்குக்கு ட்ரஸ் ராடு மருந்தல்ல. கடைசியாக, ஜி கம்பியில் ஐந்திலிருந்து ஏழாவது ஃபிரெட் வரை ஒவ்வொரு சுரத்தையும் ஒரே பலத்தில் மீட்டி, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று கேளுங்கள். ஃபெண்டர் வகை நெக்குகளில் அங்கே ஒரு சுரம் சட்டென்று செத்துப்போவது வழக்கம். விலை உயர்ந்ததிலும் உண்டு. லேசாக இருந்தால் பொறுக்கலாம். முழுக்க ஊமையாக இருந்தால் அடுத்த பேஸை எடுங்கள்.

உங்கள் தெரிந்தவரின் ஜப்பான் ஃபெண்டருக்கு வருவோம். 32,000க்கு நிஜமான ஒன்று கிடைத்தால் அது அதிர்ஷ்டம், அதனாலேயே சந்தேகப்பட வேண்டும். தலையில் ஒட்டியிருக்கும் பெயர் ஸ்டிக்கர். அதை யாரும் ஒட்டலாம். சீரியல் நம்பர் பொறித்த தகடும் தனியாக விலைக்குக் கிடைக்கிறது. பின்னால் இருக்கும் நான்கு திருகுகளைக் கழற்றி, நெக்கின் அடியிலும் அது உட்காரும் பள்ளத்திலும் உள்ள முத்திரைகள், பென்சில் எழுத்துகள், வெட்டின் சுத்தம் இவற்றைப் பாருங்கள். பள்ளத்துக்கும் நெக்குக்கும் இடையே காகிதத் துண்டு வைத்து அடைத்திருந்தால் மட்டும் பயப்பட வேண்டாம், அசலிலும் அது உண்டு. திருகு ஓட்டைகள் இரட்டையாக இருந்தால் வேறு நெக்கைப் பொருத்தியிருக்கிறார்கள். இன்னொன்று: ஜப்பானிலிருந்தே வந்த ஆம்பும் சேர்த்துத் தருகிறேன் என்றால் அதன் பின்பக்கத்தைப் படியுங்கள். அவர்கள் ஊர் மின்சாரம் 100 வோல்ட், நம்முடையது 230. டிரான்ஸ்ஃபார்மர் இல்லாமல் சொருகினால் அன்றோடு முடிந்தது.

உப்புக் காற்று. முதுநகர் துறைமுகத்துக்குப் பக்கம் என்றால் உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை, சைக்கிள் செயினைப் பார்த்தாலே புரியும். கடற்காற்றில் வரும் உப்பு, உலோகத்தின் மேல் படிந்து ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்கிறது. சாதாரண பேஸ் கம்பி நிக்கல் பூசிய இரும்பு; மேலே சுற்றியிருக்கும் கம்பியின் இடுக்குகளில் வியர்வையும் உப்பும் தங்கி, முதலில் ஒலி மந்தமாகும், பிறகு துரு கிளம்பும். எங்கள் பக்கம் கடற்கரைச் சாலையை ஒட்டிய வீடுகளிலிருந்து வரும் பேஸ்களுக்கு நான் முதலில் சிபாரிசு செய்வது ஃப்ளாட்வூண்ட் கம்பி. மேற்பரப்பு வழவழப்பாக இருப்பதால் அழுக்கு தங்க இடமில்லை, ஃபிரெட்டும் அவ்வளவாகத் தேயாது, விலை அதிகமானாலும் பல வருஷம் வரும். மோடவுன் என்ற அமெரிக்க இசைத்தட்டுக் கம்பெனியின் பேஸ் வாத்தியக்காரர் ஜேம்ஸ் ஜேமர்சன் அறுபதுகளில் வாசித்தது ஃப்ளாட்வூண்டில்தான். அறுந்தால் ஒழியக் கம்பி மாற்றமாட்டார் என்பார்கள். ஒரே ஒரு விரலால் மீட்டியே பெரிய பெயர் வாங்கினார். உங்கள் கொயருக்கு அந்த உருண்டையான ஒலி நன்றாகப் பொருந்தும். பளிச்சென்ற ஒலியோ, கட்டைவிரலால் கம்பியை அடித்து வாசிக்கும் ஸ்லாப்போ வேண்டுமென்றால் ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் கம்பி போடுங்கள், ஆனால் ஃபிரெட் சீக்கிரம் தேயும்.

கம்பியைவிட மோசமாக மாட்டிக்கொள்வது பிரிட்ஜில் உள்ள பொடித் திருகுகள். கம்பியின் உயரத்தைக் கூட்டிக் குறைக்கும் அந்தத் திருகு துருப்பிடித்து இறுகினால் அலன் கீயின் முனை சுற்றி வழுக்கிவிடும், பிறகு துளை போட்டுத்தான் எடுக்க வேண்டும். புதிதாக வாங்கிய வாரமே அவற்றைக் கழற்றி, தையல் மெஷின் எண்ணெய் ஒரு பொட்டு வைத்து மாட்டுங்கள். முடிந்தால் ஸ்டெயின்லெஸ் திருகு வாங்கிப் போடுங்கள்.

மரமும் சும்மா இருக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் ஈரம் ஏறி நெக் பெரும்பாலும் முன்னோக்கி வளையும், கம்பி உயர்ந்து கை வலிக்கும். சித்திரை வெயிலில் அது திரும்பி, ஃபிரெட்டில் கம்பி உரசிக் கரகரக்கும். வருஷத்துக்கு இரண்டு தடவை கால் சுற்று திருகினால் போதும். மழைக்காலத்தில் பேஸைப் பையில் போட்டுப் பீரோ மேல் வைக்காதீர்கள். உள்ளே பூஞ்சை பிடிக்கும். உள்சுவரில் தொங்கவிடுவது நல்லது.

2024 நவம்பர் 30 ஃபெஞ்சல் புயலில் புதுச்சேரியில் ஒரே நாளில் அரை மீட்டருக்கு அருகில் மழை கொட்டியது. அதற்குப் பிறகு வெள்ளத்தில் கிடந்த கிட்டார்கள் என்னிடம் பழுதுபார்க்க நிறைய வந்தன. அக்கூஸ்டிக் கிட்டார்கள் பசை விட்டுப் பலகை பலகையாகப் பிரிந்திருந்தன. திருகால் மாட்டிய பேஸ்கள் பெரும்பாலும் பிழைத்தன: நெக்கைத் தனியாகக் கழற்றி, சேற்றை நல்ல தண்ணீரில் கழுவி, நிழலில் நிதானமாக உலர்த்தினால் மரம் தேறிவிடுகிறது. வெயிலில் வைத்தால் முறுக்கிக்கொள்ளும். பிக்கப்பின் முடி போன்ற செம்புக் கம்பிதான் உள்ளே அரித்து மெதுவாக இறக்கும். கடலூர் பக்கம் வெள்ளம் புதிதல்ல, நினைவில் வையுங்கள்.

மிச்சம் பிடித்த பணத்தில் ஆம்ப். சர்ச்சில் மிக்சர் இருக்கும். பேஸின் ஒலியை மிக்சருக்கு ஏற்றபடி மாற்றித் தரும் ஒரு டிஐ பாக்ஸ் வழியாக அதில் கொடுத்துவிட்டு, வீட்டுப் பயிற்சிக்கு 20 முதல் 40 வாட் வரை உள்ள, பேஸுக்கென்றே செய்த சின்ன ஆம்ப் ஒன்று போதும். சாதாரண கிட்டார் ஆம்பில் சத்தமாக வாசித்தால் ஸ்பீக்கர் காகிதம் போய்விடும். உங்கள் ஈ கம்பியின் அதிர்வு 41 ஹெர்ட்ஸ், அதன் ஒலி அலையின் நீளம் எட்டு மீட்டருக்கும் மேல். கல் சுவரும் உயரமான கூரையும் உள்ள கோயிலில் அந்த அலை சுவருக்குச் சுவர் மோதி, ஒரு மூலையில் இடிபோலவும் இன்னொரு இடத்தில் ஒன்றுமே கேட்காமலும் இருக்கும். பேஸ் பொத்தானைக் குறைத்து நடு ஒலியைக் கூட்டுங்கள். ஜனங்கள் பேஸ் என்று கேட்பதில் பெரும்பகுதி அங்கேதான் இருக்கிறது. வெள்ளிக் கடற்கரையில் திறந்தவெளி மேடை என்றால் நேர் எதிர்: மோதத் திரும்பச் சுவரே இல்லை, எவ்வளவு கூட்டினாலும் காற்றில் கரையும்.

இதைவிட முக்கியம் எர்த். பேஸின் கம்பிகள் பிரிட்ஜ் வழியாக ஆம்பின் எர்த்தோடு இணைந்திருக்கின்றன. ஆம்ப் ஒரு சுவரிலும் மைக் மிக்சர் இன்னொரு சுவரிலும் இருந்து, ஒன்றில் எர்த் சரியில்லை என்றால், கையில் கம்பியோடு மைக்கில் உதடு படும்போது ஷாக் அடிக்கும். பழைய கட்டடங்களில் இது சகஜம். ஆம்பையும் மிக்சரையும் ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டிலிருந்து எடுங்கள். பிளக்கின் மூன்றாவது காலை யாராவது உடைத்து வைத்திருந்தால் முதலில் அதை மாற்றுங்கள்.

பலா விஷயம் எனக்குப் பிடித்த கேள்வி. தஞ்சாவூர் வீணைக்குப் பண்ருட்டிப் பக்கத்துப் பலாதான் போகிறது, அதனால் வாத்தியத்துக்கு ஆகாத மரம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் வீணையில் அதைக் குடைந்து மெலிதாக்குகிறார்கள். பேஸுக்கு நான்கு சென்டிமீட்டர் தடிமனில் கெட்டிப் பலகை வேண்டும். ஃபெண்டர் பயன்படுத்தும் ஆல்டரைவிடப் பலா கனம், தோளில் இரண்டு மணி நேரம் தாங்காது. உள்ளே அறைகள் குடைந்து மேலே மூடி போட்டால் எடையும் குறையும், பார்க்கவும் அந்த மஞ்சள் நிறம் அழகாக இருக்கும். நெக்கைப் பலாவில் செய்ய வேண்டாம். வீணையில் மெட்டுகள் மெழுகில் உட்காருகின்றன, தண்டி கொஞ்சம் அசைந்தாலும் மேளம் கட்டி, அதாவது மெழுகில் மெட்டுகளைத் திரும்ப உட்காரவைத்துச் சரிசெய்துவிடலாம். பேஸில் ஃபிரெட் மரத்துக்குள் அடித்து இறுக்கியது, நெக் அசைந்தால் எல்லாம் அசையும். ஆகவே உடல் மட்டும் பண்ருட்டி, நெக் ஏற்கெனவே செய்த மேப்பிள். பலகை அறுத்துக் குறைந்தது இரண்டு வருஷமாவது நிழலில் காய்ந்திருக்க வேண்டும். தச்சரிடம் கொடுக்கும் முன் நெக் உட்காரும் பள்ளத்தின் அளவைத் தகட்டில் வெட்டிக் கொடுங்கள், ஒரு மி.மீ. தவறினாலும் நான்காவது கம்பி பலகைக்கு வெளியே ஓடும். இப்போது இருபதாயிரத்துக்கு வாங்கும் பேஸின் நெக்கையே பிற்பாடு அதில் மாட்டலாம்.